தாசோஸ் விதவையின் கடைசிக் காட்சி

புத்தகம் படிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்கள் என் புத்தகங்களைப் படிக்காமல் இருந்தால் போதும்.

சிரிக்கிறீர்கள், மேடம். பாரிசில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆற்றங்கரையில் பழைய புத்தகம் விற்கும் கஸ்பார், "உங்கிட்ட விக்கிறதும் கிணத்துல போடறதும் ஒண்ணுதான்யா" என்பான். ஆனாலும் எனக்குத்தான் விற்பான்.

நான் சேர்ப்பது பழைய நாடகங்களின் முதல் பதிப்புகளை மட்டும். 'தாசோஸின் விதவை'யை நீங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள். கணவனைக் கொன்ற அரசனை ஐந்தாம் அங்கத்தில் அவள் மன்னித்து, அவனையே மணந்துகொள்கிறாள். முதலில் எழுதப்பட்ட முடிவு அதுவல்ல. அது அரசவைக்குப் பிடிக்கவில்லை. அச்சான பிரதிகளைத் தேடிப்பிடித்து எரித்தார்கள். ஆசிரியர் வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். பழைய முடிவு என்னவென்று யாரும் குறித்துவைக்கவில்லை.

எரியாமல் தப்பியது ஒரே பிரதி. அது என்னுடையது. இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து விற்பார்கள். வாங்கியவர் கத்தியால் மடிப்பை அறுத்துப் படிக்க வேண்டும். இந்தப் பிரதியை யாரும் அறுக்கவில்லை. வெளியே தெரியும் பக்கங்களை வைத்தே நிபுணர்கள் அதை முதல் பதிப்பு என்று உறுதிசெய்தார்கள். கடைசிக் காட்சி மடிப்புக்குள் இருக்கிறது. முந்நூற்றைம்பது ஆண்டுகளாக எந்தக் கண்ணும் படாத காட்சி. அறுத்துவிட்டால் அது இன்னொரு பழைய புத்தகம், அவ்வளவுதான்.

என் அக்கா ஒடில் நடிகை. இளமையிலிருந்து அந்த விதவை வேடம் அவளுடையதுதான். போன இலையுதிர் காலத்தில் நுரையீரலில் கட்டி என்றார்கள். வசந்தம் வரை தாங்காது என்றார் மருத்துவர். என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சூப் நானே வைத்துக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"டேய் ஆன்செல்ம், ராத்திரிக்கு ராத்திரி அந்தப் பாவியை மன்னிச்சேன்டா. வாய் சொல்லும், வயிறு ஒத்துக்காது. அவ நிஜமா என்ன பண்ணினான்னு தெரியாமலே நான் போகணுமா?"

"அறுக்க முடியாதுக்கா."

"கல்யாணம் பண்ணிட்டு முக்காட்டைத் தூக்கிப் பாக்காதவன்டா நீ. நல்லா இரு."

நான் கோபப்படவில்லை. கேலி எனக்குப் பழக்கம்.

என் புத்தக அறையைப் பற்றிக் கேட்டீர்கள். தீப்பிடித்தால் அங்கே தண்ணீர் அடிக்கக் கூடாது, காகிதம் ஊறிவிடும். அதனால் அறை முழுவதும் கரியமில வாயு நிரம்பும்படி அமைத்திருக்கிறேன். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. வெளியே சுவரில் அந்த வாயுவைத் திறந்துவிடும் சிவப்புப் பொத்தான். அழுத்துவதற்கு முன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவும் என்று பக்கத்தில் ஒரு பலகை.

அன்று மதியம் ஏலத்திலிருந்து திரும்பினேன். அறைக் கதவு திறந்திருந்தது. அக்கா மேசை முன் உட்கார்ந்திருந்தாள். கத்தி இல்லை. ஒரு கையில் சின்ன டார்ச். இன்னொரு கையில் பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் காம்பு வைத்த கண்ணாடி. மடிப்பை லேசாக வளைத்து, கண்ணாடியை உள்ளே விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நூல் அறவில்லை. அவ்வளவு பதமான கை. அதை நான் மறுக்க மாட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் ஈரமாக இருந்தது. ஆனால் சிரித்தாள்.

"அறுக்கலடா, வந்து பாரு. ஆனா படிச்சுட்டேன். அவ என்ன பண்றா தெரியுமா? சொல்றேன், கேளு."

நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். பலகையில் சொன்னபடி உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்த்தேன். பிறகு அழுத்தினேன்.

முதலில் கதவைத் தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து ஏதோ சொன்னாள். மேடையில் பேசுவதுபோல் உதடுகள் சீர் பிரித்து அசைந்தன. அது அந்தக் காட்சியின் வரிகளாக இருக்கலாம். உதட்டசைவிலிருந்து ஏதாவது புரிந்துவிடக் கூடாதே என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

ஆத்திரத்தில் செய்தது என்று எழுத வேண்டாம். என் வக்கீல் அப்படித்தான் விரும்புகிறார். அவளுக்கு வசந்தம் வரைகூட நாள் இல்லை. புத்தகம் முந்நூற்றைம்பது குளிர்காலங்களைத் தாண்டி வந்திருக்கிறது. நான் அதன் காவல்காரன், என் வேலையைச் செய்தேன். கரியமில வாயு காகிதத்தை ஒன்றும் செய்யாது. நீங்கள் அனுப்பிய நிபுணரே புத்தகத்துக்கு ஒரு சேதமும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு வருத்தம் இல்லை. நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன்.

சேதமே இல்லையென்றால் எதற்காகக் கொன்றாய் என்கிறீர்கள். நல்ல கேள்வி. அவள் புத்தகத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மறுபடியும் யாருக்கும் தெரியாது.

கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். அதற்கு முன் ஒன்று. இந்த அறைக்குள் வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். புத்தகம் இருக்கும் உறையில் அரக்கு முத்திரை உடைந்திருக்கிறது. அக்காவின் காம்பு வைத்த கண்ணாடி உறைக்கு வெளியே, உங்கள் கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நீங்கள் படிக்கவில்லை என்று சொல்லுங்கள், மேடம். நான் அமைதியாகத்தான் கேட்கிறேன்.