ஜனாதிபதி போட்ட முடிச்சு

துபாயில், தேராவிலிருந்து பர்துபாய்க்கு அப்ரா படகில் கடந்துகொண்டிருந்தபோது, என் பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரப் பையன் தன் கூட வந்தவரிடம் சொன்னான்: "ஜனாதிபதி போட்ட முடிச்ச அவுத்துட்டேன், அண்ணாச்சி."

அண்ணாச்சி கடலை மெல்வதை நிறுத்தினார். "எந்த ஜனாதிபதிலே?"

"ஏதோ தீவு நாடு. முன்ன நேவில ஆபீசரு, பெறவு தூதரு, இப்ப நாட்டுக்கே தலைவரு. எங்க ஓட்டல் மோட்டார் லாஞ்சில கடல சுத்திப் பாக்க வந்தாரு. லாஞ்ச் கரையணஞ்சதும் என் கையிலருந்து கயித்த வாங்கி அவரே கட்டிட்டாரு. எல்லாரும் கை தட்டுதாங்க."

"முடிச்சு சரியில்லியோ?"

"நல்ல முடிச்சுதான். ஆனா ஊர்ல எங்க போட்டுல அடுத்தவன் கட்டுனத எங்கப்பா அப்படியே விடமாட்டாரு. அந்தப் பழக்கத்துல கை தன்னால போயி அவுத்துக் கட்டிட்டு. மேனேஜர் மொகத்துல ரத்தமே இல்ல."

"கலாஸ்! முடிஞ்சுது கத. ஊருக்கு டிக்கெட் குடுத்துருப்பானே?"

"அதுக்குள்ள அவரு சிரிச்சிட்டாரு. 'நானா இருந்தாலும் இதத்தான் செய்வேன், இவன ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னாரு."

"பெரிய மனுசன்லே! உன்ன நம்பிட்டாரு."

"எங்க நம்புனாரு? கெளம்பும்போது குனிஞ்சு, என் முடிச்ச ரெண்டு இழு இழுத்துப் பாத்துட்டுல்லா போனாரு!"