பிரேக் பிடிக்கணும்

சாயல்குடி பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தன் அக்காளிடம், “சோறு பிசையலாமான்னு கேக்கல லாத்தா, பிரேக் பிடிக்கலாமான்னுதான் டாக்டர்ட்ட கேட்டேன்” என்றாள். ஸ்கூட்டி பழகும்போது விழுந்து முறிந்த வலதுகையில் அன்றுதான் மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள்.

“இன்னுமா அந்த வண்டி ஆசை? ஒம் மாப்புள்ள துபாய்லருந்து வந்து ஓட்டட்டும்” என்று அதட்டினாள் அக்காள்.

“அவுக வார வரைக்கும் புள்ளைய யாரு ஸ்கூல்ல விடுறது?”

முன்னாலிருந்த கம்பியைப் பிடித்து அழுத்தினாள். விரல்கள் பாதிதான் மடங்கின. கண்ணில் நீர் கட்டியது. மறுபடியும் அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“வலிக்கத்தான் செய்யும். மடக்கி மடக்கித்தான் சரியாகும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அக்காள் கொஞ்சநேரம் அந்தக் கையையே பார்த்தாள். “சரி, இந்தத் தடவ நான் வண்டியப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடி வாரேன்.”

“ஓடியெல்லாம் வர வேணாம் லாத்தா. பின்னால ஏறி உக்காரு.”