வர்ணத்தில் பெரிதாக்கித் தரப்படும்

— திரும்பவும் தபால் பெட்டியடிக்கே? இப்பதானே பார்த்திட்டு வந்தனி, குணேஸ்.

— மழையெல்லே கத்தரினக்கா... தபால்காரன் பிந்தி வந்திருப்பான்.

— இரு. தேத்தண்ணி ஆறுது. இந்தப் புத்தகம் எங்கையடி எடுத்தனி?

— அலுமாரித் தட்டில விரிச்சுக் கிடந்தது. முந்தி இருந்த ஆக்கள் விட்டது. விளம்பரமெல்லாம் நல்ல வடிவு, என்ன?

— வடிவுதான்... இஞ்சை பார், டாக்குத்தரே சிகரட் பத்தச் சொல்லுறார். தொண்டைக்கு நல்லதாம்!

— அங்கால பாருங்கோ. மெலிஞ்ச பொம்பிளையை ஒருத்தரும் பார்க்க மாட்டினமாம். கொழுக்கிறதுக்குக் குளிசை.

— உனக்குத்தான் எழுதியிருக்கிறான். இவள் ஆர், சாப்பாடு குளிர வைக்கிற பிறிட்ஜுக்கு முன்னால முழங்காலில? நாங்கள் பூசையிலகூட இப்பிடி நிக்கிறேல்லை.

— அக்கா, ஒருக்கா இறங்கிப் பார்த்திட்டு...

— இந்தப் பக்கத்தில ஒரு மூலை வெட்டிக் கிடக்கு.

— தெரியாத மாதிரிக் கேக்கிறியள். அந்தக் கூப்பன்தானே? சின்னப் படம் அனுப்பினால் பெரிசாக்கி, வர்ணம் தீட்டி, பிரேம் போட்டுத் தருவினம். அனுப்பின படமும் பத்திரமாத் திரும்பி வருமாம். நீங்கள்தானே ஆசுப்பத்திரி வேலைக்குப் போகேக்கை, மெற்றோவடித் தபால் பெட்டியில போட்டனீங்கள்.

— உன்ரை மனுசன்ரை படம்...

— ஓம். இருக்கிறது அந்த ஒண்டுதான். ஆறு கிழமையாச்சு. தொலைஞ்சிருக்குமோ?

— பக்கத்தின்ரை அடியைப் பார். சின்ன எழுத்தில வருசம் போட்டிருக்கு.

— ஆயிரத்துத் தொளாயிரத்து... நாற்பத்தொன்பது! ஐயோ, நான் பிறக்கவேயில்லை! அந்தக் கடை இப்ப இருக்குமே? அவரின்ரை முகத்துக்கு நான் எங்கை போவன்...

— கத்தாதை, கீழ்வீட்டுக்காரி வந்திடுவாள். என்ரை பைபிளை எடு... திற.

— இது... என்ரை கடிதவுறை. ஒட்டின முத்திரையோட. நீங்கள் போடேல்லையோ?

— இல்லை.

— பழசெண்டு அப்பவே தெரியுமோ?

— அது இண்டைக்குத்தான் கண்டனான்.

— அப்ப ஏனக்கா? ஆறு கிழமையா நான் படி ஏறி இறங்க, பார்த்துக்கொண்டு இருந்தனீங்களே!

— எப்பிடியடி போடுறது? ஊரில ஆமி பிடிச்சுக்கொண்டு போன மனுசன், ஏதோ ஒரு காம்பில உசிரோட இருக்கிறார் எண்டு நீதானே சொல்லுறாய். அவரைத் தனியா, அவ்வளவு பெரிசாக்கிச் சுவரில மாட்டினால்... பேந்து மாலைதானே? எனக்குக் கை வரேல்லை, பிள்ளை.

— மாலை போடத்தானக்கா. தையில அவரின்ரை தம்பி போட்ட கடிதத்தை உங்களுக்கு வாசிச்சுக் காட்டினனானெல்லோ... அதில ஒரு வரியை விட்டிட்டுத்தான் வாசிச்சனான்.