நகராத புள்ளி

— டிராஃபிக்! டிராஃபிக்!

— வந்துட்டாளா! வீட்டுல உன் அத்தை, ஆகாயத்துல இந்த எச்சரிக்கை மெஷின்காரி. எங்க போனாலும் பொம்பளைக் குரலுக்குத் தப்ப முடியலை.

— மாமா, விளையாடாதீங்க. திரையில பாருங்க. நேர் எதிர்ல ஒரு விமானம் வருது. நம்ம உயரத்துலயே.

— திரையைப் பார்த்து ஓட்டுறதுக்கு இதென்ன டிவி நாடகமா, மருமகளே? நான் கண்ணால பார்த்து ஓட்டுறவன். அதோ, புள்ளியாத் தெரியுது பார். எங்கேயோ தூரத்துல.

— அந்தப் புள்ளி நகருதா?

— இல்லையே. சமர்த்தா ஒரே இடத்துல நிக்குது.

— போச்சு! முன்கண்ணாடியில நகர்ந்தாத்தான் விலகிப் போகுதுன்னு அர்த்தம். நகராம நின்னா நம்ம மேலதான் வருது!

— எனக்கே பாடமா? நீ என் பையனைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே நான் பறந்தவன். இங்க கேப்டன் நான். நீ துணை விமானி.

— வீட்டுல மருமக, இங்க துணை விமானி. ரெண்டு இடத்துலயும் வாயை மூடிக்கணும், அதானே?

— கிளைம்ப்! கிளைம்ப்!

— ஏறச் சொல்லுது. ஏத்துறேன்.

— ஏய், நில்லு! கீழே இருந்து ரேடியோவுல கன்ட்ரோல் டவர் ஆளு இறங்கு, இறங்குன்னு கத்துறான். காதுல விழலையா?

— விழுந்துச்சு. ஆனா நம்ம மெஷினும் எதிர்ல வர்றவங்க மெஷினும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் சொல்லும். நம்மளை ஏறச் சொன்னா அவங்களை இறங்கச் சொல்லியிருக்கும். நாமளும் இறங்கினா நேரா மோத வேண்டியதுதான்.

— ஓகோ! ரெண்டு மெஷினும் சம்பந்தி ஆயிடுச்சாக்கும்?

— ஆமா. உங்களையும் எங்கப்பாவையும் மாதிரி முறைச்சுக்காத சம்பந்தி.

— வாய்... வாய்! அந்த வாய்க்குத் தனி இன்ஜின் வெச்சிருக்கே நீ.

— கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்!

— அப்பாடா, ஆபத்து விலகிடுச்சாம்! நமக்குக் கீழே போயிடுச்சு. ஜன்னலையெல்லாம் எண்ணிடலாம் போல, அவ்வளவு கிட்ட. பார்த்தீங்களா மாமா?

— பார்க்காம? சரி, ஆட்டம் போதும். கன்ட்ரோலை விடு. தரையிறக்குறது நான்தான்.

— நானே இறக்கிடறேனே.

— பின்னாடி நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. அவங்க உயிரை உன்னையும் உன் மெஷின் பெட்டியையும் நம்பி விட மாட்டேன். இதோ, பிடிச்சாச்சு. கையை எடு!

— மாமா, சொன்னாக் கேளுங்க...

— நீ கேளு. பறக்கிறதுக்குக் கண்ணு வேணும், கண்ணு! உன் பெட்டிக்கு அது ஏது? ஒட்டி ஒட்டி ஜோடியாப் போச்சே ரெண்டு விமானம், அதுல ஒண்ணைத்தானே அது காட்டிச்சு?

— மாமா, வந்தது ஒண்ணுதான். நீங்க கையை எடுங்க.