சட்டைப்பையில் இருந்த வயர்

இந்த ஸ்டேஷன் ஃபேனுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், ஐயா. தப்பாக நினைக்காதீர்கள். எதைப் பார்த்தாலும் ரிப்பேர்தான் ஞாபகம் வரும் எனக்கு.

நானும் என் தங்கை கணவரும் ஒரே அலுவலகத்தில் கான்ஃபரன்ஸ் அறைகளைப் பார்த்துக்கொண்டோம். அங்கே பெரிய ஹாலில் மோட்டாரில் நகரும் சுவர் ஒன்று உண்டு. வீடியோ அழைப்பு வந்தால் கான்ஃபரன்ஸ் பெட்டி தானே எடுத்துக்கொள்ளும். கையோடு ஒரு வயர் வழியாகச் சுவருக்கு ‘மூடு’ என்று கட்டளை அனுப்பும். சுவர் நகர்ந்து எதிர்த் தூணின் பள்ளத்தில் போய்ச் சேரும். நல்ல கனம். நடுவில் யாராவது நின்றால் நிறுத்துவதற்காக அந்தப் பள்ளத்துக்குள் ஒரு சென்சார் இருந்தது. அது காரணமே இல்லாமல் சுவரைப் பாதியில் நிறுத்தும். திட்டு வாங்குவது நான். ஒருநாள் அலுத்துப்போய் அதைத் துண்டித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கூட்டிப் பெருக்கும் அக்காவின் கை அதில் நசுங்கியது. அவர் கவனமாக இல்லை என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனது நான் ஒருவன்தான்.

போன வாரம் சுவர் அசையவே இல்லை. பெட்டியிலிருந்து கட்டளை போனது. ஆனால் கட்டளை முடிந்துவிட்டது என்று கடைசியில் போக வேண்டிய அடையாளம் போகவில்லை. அது வராதவரை சுவர் காத்துக்கொண்டே இருக்கும். இதை நான் கண்டுபிடிப்பதற்குள், கோளாறு சுவர்ப் பக்கமோ என்று மாப்பிள்ளை பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார்.

"மச்சான், இது நீங்க பண்ணதா? ஐயையோ, அந்த அக்கா கை போனது நம்மளாலயா?"

"மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை."

"நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க மச்சான். இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குத் தூக்கம் வராது."

தங்கமான மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும், ஐயா? வேலை போகும், போலீஸ் வரும், ஊரே காறித் துப்பும்.

மறுநாள் சென்சாரை மாட்டிவிட்டே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தினால் மாடி முழுக்க நின்றுவிடும் என்பதால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அந்தப் பள்ளத்துக்குள் தலையை விடுமுன், மற்றவர் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"வயர் எங்க மச்சான்?"

"பையில."

"காட்டுங்க." சுவர் என்றால் அவருக்கு எப்போதும் பயம். இரண்டு தடவை கேட்பார்.

காட்டினேன். அது வேறொரு பழைய வயர். எல்லாம் ஒரே கறுப்புதானே. அவர் பள்ளத்துக்குள் தலையை விட்டார்.

கட்டளையின் கோளாறைக் காலையிலேயே சரிசெய்திருந்தேன். தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ‘மாப்பிள்ளை போன் எடுக்க மாட்டார், ஹால் நம்பருக்கு வீடியோவில் கூப்பிடு.’

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "என்னங்க, சாப்பிட்டீங்களா?"

மாப்பிள்ளை, "மச்சான், சுவரு... மச்சான்!" என்றார். நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கேமராவை முன்பே ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். தங்கை பார்த்துவிடக் கூடாதே. அவள் என்றால் எனக்கு உயிர். அவருடைய கடைசிச் சத்தம் அவளுக்குக் கேட்கும் என்று தோன்றவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

வெளியே போன் அடிக்கிறது, யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.

தங்கையிடம் எதுவும் சொல்லாதீர்கள், ஐயா. தான் கூப்பிட்டதால்தான் சுவர் மூடியது என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். கட்டளை அனுப்பியது பெட்டி. மூடியது சுவர். நான் அன்று அந்த வயரைத் தொடக்கூட இல்லை.