ஓடாத பாம்பு

"ஓடியிருந்தா அடிச்சிருக்க மாட்டேன் டீச்சர்."

மலைக்கிராமமான போளூருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், அடுத்த வரிசையில் இருந்த பள்ளி ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"வெள்ளனே பூண்டுக் காட்டுல பாம்பு கெடந்துச்சு. அசையவே இல்ல. எதுத்து நிக்குதுன்னு மம்பட்டியால வெட்டிட்டேன்."

"இந்தக் குளிர்ல அதால அசைய முடியாதுண்ணே. அதுக்குத் தானா ஒடம்பு சூடாகாது. வெயில்ல காஞ்சாத்தான் ஓடும்."

"வயித்துக்குள்ள ஏழெட்டுக் குட்டி கெடந்துச்சு டீச்சர்."

"சில பாம்பு முட்டை போடாது, குட்டிதான் போடும். அதுகளுக்கும் சேத்துத்தான் வெயிலுக்கு வந்திருக்கும்."

அவர் கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சம்சாரம் கூப்பிட்டா. குடிச்சிட்டுப் போயிருந்தா வெயில் வந்திருக்கும். அதுவும் ஓடிப் போயிருக்கும்."