ஊர்க்கட்டு அவிழ்ந்த பின்னும் ஊர் திரும்பாத கங்கையா அவர்களுக்கு

காய்ச்சல் கண்ட வீடெல்லாம் கால் கடுக்கக் கண்டு வந்தவரே! கொசுவுக்குக் கொடும்பகையே, குழந்தைகளுக்குக் குளிர்ந்த சொல்லே! நாராயணவனம் வட்டாரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளாய் நோயை முந்திக்கொண்டு நடந்த சுகாதார மேற்பார்வையாளர் கங்கையா அவர்களே! ஆரம்ப சுகாதார நிலையத்துப் பணியாளர்களாகிய நாங்கள் நெஞ்சு கனக்கத் தங்களை வணங்கி வழியனுப்புகிறோம்.

தேநீர் வேளையில் தாங்கள் எடுத்த பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காதது. "ராஜாங்கம் மாத்தாத ஊரையெல்லாம் வாந்திபேதி மாத்திக்கினே போச்சும்மா" என்பீர்கள். நகரங்கள் சாக்கடை கட்டியதும், துறைமுகங்கள் கப்பலைக் கரைக்கு வெளியே காக்க வைத்ததும், கடல் கடந்து போன அம்மை படைகளை முந்திப் பழங்குடிகளைப் பாழாக்கியதும், நம் சித்தூர்ச் சீமையில் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றுவதும் ஒரே பயம் பெற்ற பிள்ளைகள் என்பீர்கள். நோய் போய்விடும், அது பிரித்து வைத்த தெரு பிரிந்தே கிடக்கும் என்பீர்கள். நிலமில்லாத தங்கள் முன்னோர் ஊருக்கு வெளியே குடிசை போட்டதும் ஒரு கொள்ளைநோய்க் காலத்தில்தானாம். அதைச் சொல்லும்போது மட்டும் தங்கள் குரல் இறங்கிவிடும்.

கொரோனா வந்தது. வீட்டை விட்டு வராதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெலுங்கிலும் தமிழிலும் அலறினோம், எவர் கேட்டார்? தாங்கள்தான் தங்கள் ஊருக்குப் போய், மறந்துபோன ஊர்க்கட்டை எழுப்பினீர்கள். எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வேப்பிலை கட்டினால், கங்கம்மாவுக்குப் பூசை போட்டு அவிழ்க்கும் வரை உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே நுழையக்கூடாது. காவலுக்குத் தங்கள் தம்பி திருமலையை நிறுத்தி, யார் வந்தாலும் விடுவதில்லை என்று அம்மன் மேல் சத்தியமும் வாங்கினீர்கள். துணைவியாரை ஊருக்குள் விட்டுவிட்டுத் தாங்கள் வெளியே, குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டீர்கள். அந்த ஆண்டு சுற்றுப்பட்டில் சாவு விழாத ஊர் அது ஒன்றுதான். அதிகாரிகள் வந்து சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த கோடையிலும் கட்டினார்கள். எந்த வழியாக நுழைந்ததோ, நோய் உள்ளே நுழைந்துவிட்டது.

"கண்ணாடி போட்டு மாட்டப்போற மடல்ல இதெல்லாம் வேணுமா சந்தியா?" என்று நம் டாக்டர் ஸ்ரீப்ரியா கேட்டார். வேணும் மேடம் என்றேன். வெறும் புகழ்மாலையைப் போட்டுத் தங்களைத் தெருவில் விட எனக்கு மனசு வரவில்லை.

தங்கள் துணைவியார் வெங்கடம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று காலையில் போன் வந்தது. ஆம்புலன்ஸோடு தாங்கள் ஓடினீர்கள். நானும் கூட இருந்தேன். முள்ளுக்கு அந்தப் பக்கம் திருமலை நின்று அழுதார். "அண்ணே, யாரு வந்தாலும் உடாதடான்னு நீதானே சத்தியம் வாங்கினே? நான் பிரிச்சா ஊரே அழிஞ்சிடும்னு சொல்றாங்கண்ணே!" தாங்கள் கத்தினீர்கள், கும்பிட்டீர்கள், முள்ளைக் கையாலேயே இழுத்தீர்கள். பெரியவர்கள் கூடிப் பூசை போட்டு வழி விடுவதற்குள் உச்சிவெயில் ஏறிவிட்டது. திருப்பதிக்குப் போகும் வழியில், தங்கள் மடியிலேயே அந்த அம்மாள் போய்விட்டார். ஐயோ, அன்று தங்கள் கையில் ரத்தம் துடைத்தவள் நான். இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு தாங்கள் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. தம்பியிடம் பேசவும் இல்லை. மற்ற ஊர்களுக்கெல்லாம் ஓடி ஓடி ஊசி போட வைத்தீர்கள். தங்கள் ஊருக்கு மட்டும் எங்களை அனுப்பினீர்கள். இப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் புத்தூரில் ஒற்றை அறை பார்த்திருக்கிறீர்களாம். ஓய்வு பெறுகிறவரை மாலையோடு ஜீப்பில் ஏற்றி அவர் வீட்டு வாசலில் இறக்குவது நம் நிலையத்து வழக்கம். இன்று டிரைவர் ஹரிபாபு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்று கேட்கிறார். நாங்கள் என்ன சொல்ல?

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், திருமலைக்குப் போன் போட்டு வரச் சொன்னவள் நான்தான். இதோ இந்த அரங்கின் வாசலில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வாங்க என்றால், "அண்ணன் கூப்டட்டும்மா" என்கிறார். காலையிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை.

நோயற்ற உடலோடும் நொந்துபோகாத மனத்தோடும் நெடுங்காலம் வாழ்க என்று முடிக்க வேண்டிய இடம் இது. யாரோடு வாழப்போகிறீர்கள் என்று தெரியாமல் அதை வாசிக்க எனக்கு நா எழவில்லை. பந்தி போட்டாயிற்று. தங்கள் பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடவில்லை.

கூப்பிடுங்கள் சார்.

கலங்கிய கண்ணோடு,
நிலையத்துப் பணியாளர்கள் அனைவரும்
எழுதி வாசித்தவர்: சந்தியா, லேப் டெக்னீஷியன்